போர்வெல் தண்ணீரில் குரோமியம்: கைட்டோசான் மணி போட்டால் போதுமா?

பொன்னைக்கரை எழுதியது:

எங்கள் ஊர் ராணிப்பேட்டைக்கு வடக்கே, சித்தூர் போகும் பக்கம். வீட்டு போர் தண்ணீரை ஒரு லேபில் கொடுத்துப் பார்த்தோம். மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 2100, சல்பேட் 310, பிஹெச் (அமில, கார அளவு; 7 நடுநிலை) 7.8 என்று வந்திருக்கிறது. "குடிக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். குடிக்க கேன் வாங்குகிறோம். சமையல், பாத்திரம், மாடு எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான்.

சித்தூரில் இருக்கும் என் மச்சான் ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார். இறால் ஓட்டிலிருந்து செய்த மணி, கைட்டோசான் என்று பெயர். ஜவ்வரிசியை விடக் கொஞ்சம் பெரிது, வெளிர் மஞ்சள். துணிப்பையில் கட்டிக் குடத்தில் போட்டு வைத்தால் கன உலோகம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளுமாம். உறையில் "99 சதவீதம் நீக்கும், முழுக்க இயற்கைப் பொருள்" என்று அச்சடித்திருக்கிறது. இது உண்மையா? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

காட்பாடி_முருகன் எழுதியது:

எங்கள் பாட்டி காலத்தில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்ப்பார்கள். கலங்கல் தண்ணீர் காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு. முதலில் அதைச் செய்து பாருங்கள், செலவில்லை.

வாலாஜா_வேதியியல் எழுதியது:

பொன்னைக்கரை, அந்த மணியை இன்னும் தண்ணீரில் போடவில்லை என்றால் போட வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் இந்த வகைப் பொருட்களில்தான் வேலை செய்கிறேன். கைட்டோசான் ஏமாற்று வேலை இல்லை, அருமையான பொருள். ஆனால் அது எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பது உறையில் இருக்காது.

முருகன் அண்ணா சொன்ன தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும் மிதக்கும் மண்ணையும் தூசியையும் திரட்டி அடியில் இறக்கும். அதற்கு நல்ல மருந்துதான். இங்கே பிரச்சினை கலங்கல் இல்லை. குரோமியம் உப்பு மாதிரி தண்ணீரில் முழுக்கக் கரைந்து கிடக்கிறது. கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிற அளவுக்கு வந்தால் அளவு எல்லை மீறிப் பல மடங்கு போய்விட்டது என்று அர்த்தம். 0.4 இருக்கிற தண்ணீர் பார்க்க நல்ல தண்ணீர் போலவே இருக்கும். ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரத்தில் குடிநீருக்கு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. உங்களுடையது அதைப் போல எட்டு மடங்கு. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாகிக் குரோமியத்தின் செறிவுதான் கூடும்.

முதல் கேள்வி: எந்தக் குரோமியம்? மூன்று இணைதிறன் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் என்று இரண்டு வடிவம் உண்டு. குணத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மூன்று இணைதிறன் வடிவம் நேர்மின் அயனி. பிஹெச் 7க்கு மேலே போனால் ஹைட்ராக்சைடாக மாறிப் படிந்துவிடும், மண்ணைத் தாண்டி அதிக தூரம் நகராது. ஆறு இணைதிறன் வடிவம் குரோமேட், எதிர்மின் அயனி. நடுநிலைத் தண்ணீரில் படியவே படியாது, நிலத்தடி நீரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகும். விஷம் அதிகம் உள்ளதும் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என உறுதியான பொருட்களோடு வைத்திருக்கிறது. உங்கள் மாதிரியை வடிகட்டிய பிறகு சோதித்திருந்தால், பிஹெச் 7.8 இல் 0.4 கரைந்திருப்பது பெரும்பாலும் குரோமேட்தான். வடிகட்டாமல் சோதித்திருந்தால் மண் துகளில் ஒட்டியிருந்ததும் சேர்ந்து கணக்கில் வந்திருக்கலாம். லேபில் இதைக் கேளுங்கள்.

அடுத்தது மணி. கைட்டோசானின் நீளச் சங்கிலி முழுக்க அமீன் என்ற நைட்ரஜன் தொகுதிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அமிலத் தண்ணீரில் அவை ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானை, அதாவது நேர்மின் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னாக மாறும். எதிர்மின் உள்ள குரோமேட் அதில் போய் ஒட்டும். பிஹெச் 3 முதல் 5 வரை இது ஜோராக நடக்கும். 6.5ஐத் தாண்டினால் அமீன்களில் பெரும்பாலானவை புரோட்டானை விட்டுவிடும், இழுப்பு போய்விடும். உங்கள் தண்ணீர் 7.8.

அதோடு சல்பேட். குரோமேட்டும் சல்பேட்டும் ஏறக்குறைய ஒரே வடிவம், ஒரே மின்சுமை. உங்கள் தண்ணீரில் குரோமியம் 0.4, சல்பேட் 310. எடைக்கணக்கில் எழுநூறு மடங்குக்கு மேல். ஐம்பது சீட்டு உள்ள பஸ்ஸில் ஆயிரம் பேர் ஏறப் பார்த்தால், அதில் உங்களுக்கு வேண்டிய ஒருவருக்கு இடம் கிடைக்குமா? அப்படித்தான் இதுவும்.

பொன்னைக்கரை எழுதியது:

அக்கா, அப்போ அந்த 99 சதவீதம் சும்மா போட்டதா?

வாலாஜா_வேதியியல் எழுதியது:

எங்கோ ஒரு ஆய்வகத்தில் வந்த எண்ணாக இருக்கும், பொய் என்று சொல்ல மாட்டேன். வழக்கமாக எப்படிச் செய்வோம் என்றால், காய்ச்சி வடித்த தண்ணீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து லிட்டருக்கு 50 அல்லது 100 மில்லிகிராம் கரைசல் தயாரிப்போம். அமிலம் விட்டு பிஹெச்சை 3, 4க்கு இறக்குவோம். மணியைப் போட்டுக் குலுக்கியில் சில மணி நேரம் விடுவோம். வேறு உப்பு ஒன்றும் அதில் இருக்காது. 99 சதவீதம் போனது என்று எழுதுவோம். 100இல் 99 போனால் மிச்சம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். அது குடிநீர் வரம்பைப் போல இருபது மடங்கு. ஆய்வுக் கட்டுரைக்கு அது வெற்றி, உங்கள் குடத்துக்கு அது தோல்வி.

உங்களுக்கு 99 வேண்டாம். 0.4ஐ 0.05க்குக் கொண்டுவர 88 சதவீதம் நீக்கினால் போதும். ஆனால் அதை உங்கள் உப்புத் தண்ணீரில், உங்கள் பிஹெச்சில், நாள் தவறாமல் செய்து காட்ட வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டியது அதுதான்: எந்தக் குரோமியத்துக்குச் சோதித்தீர்கள், எந்த பிஹெச்சில், சல்பேட் எவ்வளவு இருந்தது, எத்தனை லிட்டருக்குப் பிறகு மணியை மாற்ற வேண்டும், பழைய மணியை யார் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் வாங்கவே கூடாது.

தோல்ஷாப்பு எழுதியது:

நான் ஆம்பூர், ராணிப்பேட்டை இரண்டு பக்கமும் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தவன். மேடம் சொன்னதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டிரம்மில் தோலோடு போடுகிற குரோமியம் பேசிக் குரோமியம் சல்பேட், மூன்று இணைதிறன். பச்சைத் தூள். தோல் வெளியே வரும்போது நீலமாக இருக்கும், அதைத்தான் வெட் ப்ளூ என்கிறோம். போட்டதில் அறுபது எழுபது சதவீதம்தான் தோல் பிடிக்கும், மீதி கழிவுத் தண்ணீரில் போகும். ராணிப்பேட்டையில் இன்னொரு சங்கதி உண்டு. 1990களில் மூடின குரோமேட் ஆலையின் கழிவு மேடு. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அங்கே கிடக்கிறது. அதில் இருப்பது ஆறு இணைதிறன். மழை பெய்தால் மஞ்சளாக ஓடும். 2006இல் ஒரு அமெரிக்க அமைப்பு உலகத்திலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது ராணிப்பேட்டையும் அதில் வந்தது.

அதனால் போரில் ஆறு இணைதிறன் வந்தால் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும், மூன்று வந்தால் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் "டேனரித் தண்ணி" என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வாலாஜா_வேதியியல் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. அந்தக் கழிவு இவ்வளவு காலம் ஏன் கசிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்து, குரோமேட்டைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை அது. காரத்தன்மை கடுமையாக இருக்கும், குரோமேட் உள்ளே அடைபட்டிருக்கும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். காரத் தண்ணீரில் கைட்டோசான் வேலை செய்யாது என்று மேலே சொன்னேனே, மேட்டிலிருந்து வடியும் நீரோ அதைவிடக் காரம். அமிலம் ஊற்றி பிஹெச்சை இறக்கிய பிறகுதான் அங்கே மணிக்கு இடம்.

சித்தூர்_மாந்தோப்பு எழுதியது:

எங்கள் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் நிறைய. சீசனில் தோலும் கொட்டையும் மலை மாதிரி குவியும். தோலில் பெக்டின் இருக்கிறது, உலோகம் பிடிக்கும் என்று எங்கள் கல்லூரி சார் சொன்னார். அதைக் காயவைத்துப் பொடி பண்ணிப் போட்டால் ஆகாதா?

வாலாஜா_வேதியியல் எழுதியது:

தம்பி, உங்கள் சார் சொன்னது உண்மை. பெக்டினிலும், கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டிலும் கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. நடுநிலைத் தண்ணீரில் அவை எதிர்மின்னாக நிற்கும். ஈயம், காட்மியம், செம்பு, மூன்று இணைதிறன் குரோமியம் போன்ற நேர்மின் உலோகங்களை நன்றாகப் பிடிக்கும். சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடில் விட்டால், விழுந்த உடனே உருண்டு மணியாகிவிடும். உள்ளே கால்சியம் உட்கார்ந்திருக்கும். ஈயம் வந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பார்க்கவே அழகான வேதியியல்.

ஆனால் குரோமேட்டும் எதிர்மின், இவையும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளும். தவிர, நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோடியம் அதிகம். ஆல்ஜினேட் மணியில் இருக்கும் கால்சியத்தைச் சோடியம் மெல்ல வெளியேற்றினால் மணி ஊதி, கொழகொழத்து, உடைந்து போகும். பச்சை மாந்தோலைப் பொடி செய்து போட்டால் சர்க்கரையும் துவர்ப்பும் நிறமும் தண்ணீரில் இறங்கும், ரெண்டே நாளில் நாற்றம் வரும். உயிரிப் பலபடி, அதாவது உயிரினத்திலிருந்து வரும் நீளச் சங்கிலிப் பொருள் என்றால் கிருமிக்கும் அது சாப்பாடு என்று எப்போதும் நினைவில் வையுங்கள். கழுவி, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புக் கொடுத்து, மணியாக்கினால்தான் அது வடிகட்டிப் பொருள்.

தாவரச் சக்கைக்கு இன்னொரு குணமும் உண்டு. தேங்காய் நார்த்தூள், மரத்தூள் இவற்றில் உள்ள லிக்னின், அமிலத்தில் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்றிவிடும். பிடித்து வைப்பதை விட இந்த மாற்றம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கைட்டோசான் மணிக்குள் இரும்பு நுண்துகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளும் இதே வழியில்தான் போகின்றன. இரும்பு மாற்றும், கைட்டோசான் பிடிக்கும்.

சூளூர்பேட்டை_இறால் எழுதியது:

நான் பழைய நெல்லூர் ஜில்லா, வீட்டில் தமிழ்தான். 2009க்குப் பிறகு வன்னாமி இறால் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் உரிக்கும் ஷெட்டுகள் பெருகிவிட்டன. தலையும் ஓடும் தினமும் வண்டி வண்டியாகப் போகும். பாதி கோழித் தீவனத்துக்கு, மீதியைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள், நாற்றம் தாங்காது. ஓடு நான் சும்மாவே அனுப்புகிறேன். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ராணிப்பேட்டைக்கு மணி தயாரிக்கலாமே?

வாலாஜா_வேதியியல் எழுதியது:

நல்ல எண்ணம், முழு மனதோடு வரவேற்கிறேன். செய்முறையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஓட்டிலுள்ள சுண்ணாம்பைப் போக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். புரதத்தைப் போக்க நீர்த்த காஸ்டிக் சோடா. இத்தோடு கிடைப்பது கைட்டின். அதைக் கைட்டோசானாக்க 40, 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வேக வைக்க வேண்டும். அந்தச் செறிவில் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகும். வீட்டுக் கொல்லையில் செய்யும் வேலை இல்லை. கழுவிய கார நீரையும் அமில நீரையும் எங்கே விடுவீர்கள்? பாலாற்றுக்கு உதவ ஒரு பொருள் செய்து, அதன் கழிவைப் புலிக்காட்டு ஏரியில் விட முடியாது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல வருடமாக இந்தத் தொழில்நுட்பத்தைக் கையாள்கிறது. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்.

தோல்ஷாப்பு எழுதியது:

மேடம், வீட்டுக் குடத்துக்கு ஆகாது என்று புரிகிறது. அப்போ இந்தப் பொருளுக்கு உண்மையான இடம் எது?

வாலாஜா_வேதியியல் எழுதியது:

அண்ணா, உங்கள் டிரம்முக்குப் பக்கத்தில்தான். குரோம் குளியல் நீரில் குரோமியம் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். அதை மணி வைத்துப் பிடிப்பது வீண் செலவு. மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்ப டிரம்முக்கே விடும் குரோம் மீட்பு முறை இருக்கிறதே, அதுதான் சரி. படியவைத்த பிறகும் மிஞ்சுகிற கொஞ்சத்தைக் கடைசியாகப் பிடிக்க ஆல்ஜினேட்டோ பெக்டினோ நிரப்பிய குழாய் வைக்கலாம். மூன்று இணைதிறன் என்பதால் கார்பாக்சில் தொகுதி பிடிக்கும். என்ன கலக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், பிஹெச் நம் கையில், ஆள் நின்று பார்த்துக்கொள்வார். முலாம் பூசும் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். அங்கே போவது குரோமேட், தண்ணீரும் அமிலம். கைட்டோசானுக்கு ஏற்ற இடம். அமிலத்தில் மணி கரைந்துவிடாமல் இருக்கக் குறுக்குப் பிணைப்பு மட்டும் வேண்டும்.

மணி நிரம்பினால் நீர்த்த காஸ்டிக்கில் கழுவினால் குரோமேட் இறங்கிவரும். அந்தக் கெட்டிக் கரைசலை ஃபேக்டரியிலேயே திரும்பப் பயன்படுத்தலாம். அங்கே மட்டும்தான் வட்டம் பூர்த்தியாகிறது.

பொன்னைக்கரை வீட்டுக் கணக்கைப் பாருங்கள். சமையலுக்கு நாளைக்கு 20 லிட்டர், லிட்டருக்கு 0.4 என்றால் 8 மில்லிகிராம். மாதம் 240. மணி நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் அந்த 240 மில்லிகிராம் ஒரு சின்னத் துணிப்பையில் இருக்கும். அதைக் குப்பையில் போட்டால் எரிப்பார்கள், எரித்தால் சாம்பலில் திரும்ப ஆறு இணைதிறன் வரலாம். எருக்குழியில் போட்டால் கீரைப் பாத்திக்குப் போகும். பிடித்தது போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஊரில் ஐநூறு வீடு இப்படிச் செய்தால் ஐநூறு இடத்தில் சின்னச் சின்ன மேடு.

எல்லைத்_தண்ணீர் எழுதியது:

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கிச் செத்தார்கள். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கசடுதான் அது. "பிரித்துவிட்டோம்" என்பதோடு வேலை முடிந்ததாக யார் சொன்னாலும் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வரும். உலோகம் பிடித்த மணி எங்கே போகும் என்று அக்கா கேட்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி இப்படிப்பட்டவற்றை அதற்கென அமைத்த இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து அங்கே யார் கொண்டுபோவார்கள்?

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தின் பகுதியாக்கியது. நம் தோல் தொழிற்சாலைகளை வைத்து வந்த தீர்ப்பு அது. சுத்தம் செய்யும் செலவைக் குடத்துக்குள் பை கட்டி நாமே சுமக்க வேண்டியதில்லை.

பொன்னைக்கரை எழுதியது:

எல்லாம் புரிகிறது. ஆனால் நாளைக்குக் காலையில் சோறு வடிக்க வேண்டுமே அக்கா. என்ன செய்யட்டும்?

வாலாஜா_வேதியியல் எழுதியது:

நியாயமான கேள்வி. காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் குடிக்க, சமைக்க அதைப் பிடித்து வையுங்கள். அரிசியும் பருப்பும் வேகும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் சமையல் தண்ணீரும் குடிதண்ணீரும் ஒன்றுதான். வராவிட்டால் நல்ல ஆர்ஓ கருவி குரோமேட்டைத் தடுக்கும். கழித்துவிடும் நீரில் குரோமியம் இன்னும் அதிகமாக இருக்கும். அதை மாட்டுத் தொட்டிக்கோ தோட்டத்துக்கோ விட வேண்டாம். ஆர்ஓ போட்ட பிறகும் வெளிவரும் தண்ணீரை ஒருமுறை சோதியுங்கள்.

ஊர் அளவில் செய்ய வேண்டுமென்றால் இரும்பு சல்பேட் போட்டு ஆறை மூன்றாக்கி, படியவைத்து வடிகட்டுவது பல இடங்களில் நடைமுறையில் உள்ள முறை. அயனிப் பரிமாற்றப் பிசினும் உண்டு. ரெண்டுமே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்குத்தான், வீட்டில் யாரும் இரும்பு சல்பேட்டைக் கையில் எடுக்க வேண்டாம். கலிஃபோர்னியா 2024இல் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் தனியாக லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தபோது ஏற்ற முறைகளாகக் காட்டியதும் இந்த இரண்டையும் ஆர்ஓவையும்தான். கைட்டோசான் இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நாள் வரும் என்று நம்பித்தான் நான் வேலை செய்கிறேன்.

மாதிரி இன்னொரு முறை எடுக்க வேண்டும். போரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு வேண்டும். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் லேபிலேயே நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுப்பார்கள், அதை அலசக் கூடாது. ஆறு இணைதிறனுக்கான பாட்டிலை அதே தண்ணீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள், அதில் அந்த அமிலத்தை விடவே கூடாது, விட்டால் குரோமியத்தின் வடிவம் மாறிவிடும். அதை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். "டைஃபீனைல் கார்பசைடு முறையில் ஹெக்சாவலன்ட் குரோமியம்" என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் புரியும். இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பு ஊதாவாக மாறும், நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளப்பார்கள்.

சித்தூர்_மாந்தோப்பு எழுதியது:

பொன்னைக்கரை அண்ணா, எங்கள் கல்லூரி லேபில் அந்தச் சோதனை செய்கிறார்கள். பாட்டிலைக் கொண்டுவந்தால் சாரிடம் நான் கேட்கிறேன். எங்கள் தெரு போர் தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.

பொன்னைக்கரை எழுதியது:

வருகிறேன் தம்பி. பக்கத்து நாலு வீட்டு போரிலும் பிடித்துக்கொண்டு வருகிறேன், ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று பாட்டிலில் எழுதி. மணி உறையைப் பிரிக்காமல் மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். விற்றவரிடம் அக்கா சொன்ன கேள்விகளைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

எல்லைத்_தண்ணீர் எழுதியது:

ஐந்து போரின் ரிசல்ட்டும் வந்தால் ஒரே மனுவில் இணைத்து கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுக்கலாம். ஆழம், தேதி, லேப் முத்திரை மூன்றும் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். மனு எழுத நான் உதவுகிறேன்.